சாவி கொடுத்த பிறகும் டீலருக்கு வேலை இருக்கிறது: பழைய கார் கேள்வி – பதில்

கடலூர், புதுச்சேரி வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ரகம்: கார் வாங்கியாகிவிட்டது, இனி டீலர் எதைச் செய்து தர வேண்டும், நாம் எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்? விலையை எப்படிப் பேசிக் குறைப்பது என்று யாரும் கேட்கவில்லை. அதில் எல்லோரும் கெட்டிக்காரர்கள் போலிருக்கிறது.

கேள்வி: புதுச்சேரியில் ஒரு டீலரிடம் 2017 மாடல் பெட்ரோல் கார் வாங்கினேன். 58,000 கி.மீ. ஓடியது. "முதல் சர்வீஸ் இலவசம்" என்றார்கள். காலையில் விட்டேன், ஆயில் மாற்றி, வாட்டர் வாஷ் செய்து, மதியமே கொடுத்துவிட்டார்கள். இவ்வளவுதானா சர்வீஸ்?
– வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: போதாது. ஷோரூமில் இருந்து வரும் புது வண்டியில் எதெது எப்போது ஊற்றியது என்பது தெரியும். உங்கள் காரில் இன்ஜின் ஆயில் தவிர மற்றவை கடைசியாக எப்போது மாறின என்பது டீலருக்கே தெரிந்திருக்காது. பில் கைவசம் இல்லாத எதையும் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு தொடங்குங்கள்.

முதலில் ஆயில். சின்ன பெட்ரோல் இன்ஜின்களுக்கு ஃபில்டரோடு சேர்த்து 3 முதல் 3.5 லிட்டர் வரை பிடிக்கும். எத்தனை லிட்டர், எந்த கிரேடு என்று பில்லில் இருக்க வேண்டும். 5டபிள்யூ-30 என்ற மெல்லிய கிரேடு கேட்கும் இன்ஜினில் கெட்டியான 20டபிள்யூ-40 ஊற்றி அனுப்புகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. விலை குறைவு என்பது ஒரு காரணம். தேய்ந்த இன்ஜினின் சத்தம் கொஞ்ச நாளைக்கு அடங்கியிருக்கும் என்பது இன்னொன்று.

அடுத்து பிரேக் ஆயில். இது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். ஏற்காடு மலையில் இறங்கும்போது பெடல் பஞ்சுபோல் உள்ளே போவது இதனால்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பானட்டுக்கு அடியில் உள்ள பிரேக் ஆயில் டப்பாவில் இருப்பதை மட்டும் உறிஞ்சிவிட்டுப் புதிதாக ஊற்றினால் மாற்றியதாகாது. நான்கு சக்கரத்திலும் பிளீடர் நிப்பிளை (ஆயிலை வெளியேற்றும் சிறு திருகு) திறந்து, தெளிவான ஆயில் வரும்வரை வெளியேற்ற வேண்டும். அதற்கு அரை லிட்டருக்குக் குறையாமல் செலவாகும். டாட் 3, டாட் 4 என்ற பிரேக் ஆயில் வகைகளில் எது என்று டப்பாவின் மூடியிலேயே போட்டிருக்கும்.

கூலன்ட் டேங்க்கைத் திறந்து பாருங்கள் (இன்ஜின் ஆறிய பிறகு). நிறமில்லாத வெறும் தண்ணீர் இருந்தால், இந்தக் கடலோரத்தில் அது பெரும்பாலும் போர் தண்ணீராகத்தான் இருக்கும். அதிலுள்ள உப்பு ரேடியேட்டருக்குள் படியும், அலுமினியத்தையும் அரிக்கும். முழுவதும் வடித்து, அலசி, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதியாகக் கலந்து ஊற்றச் சொல்லுங்கள். ரெடிமிக்ஸாக வருவதில் தண்ணீர் சேர்க்கக் கூடாது.

இனி நம் ஊருக்கே உரிய ஒன்று. தேவனாம்பட்டினம் பக்கமோ, புதுச்சேரி கடற்கரையை ஒட்டியோ நின்று பழகிய கார்களில் முன் பிரேக் காலிப்பர் (பேடை அழுத்தும் பகுதி) நகர உதவும் ‘கைடு பின்’ என்ற சிறு கம்பி உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகிவிடும். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் உள்பக்க பேட் காகிதம்போல் தேய்ந்திருக்கும், வெளிப்பக்க பேட் பாதிகூடத் தேய்ந்திருக்காது. பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, நான்கு வீலின் அருகிலும் கை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் இதுதான். பின்னைக் கழற்றித் துருவை எடுத்து, பிரேக்குக்கென்றே வரும் சிலிக்கான் கிரீஸ் தடவ வேண்டும். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் பூட் உப்பிவிடும். பேட் மட்டும் மாற்றிவிட்டு பின்னைத் தொடாமல் விட்டால் புது பேடும் அதே கதிதான்.

அடியில் துரு இருந்தால் அதன்மேலேயே அண்டர்பாடி கோட்டிங் அடிக்க விடாதீர்கள். ஈரம் உள்ளே அடைபட்டு, மேலே கறுப்பாகப் பளபளக்க, உள்ளே தகடு ஓட்டையாகும். சுரண்டி, துருத்தடுப்பு பிரைமர் அடித்த பிறகுதான் கோட்டிங்.

டீலரிடம் எப்படிக் கேட்பது? எழுத்தில் "முதல் சர்வீஸ்" என்று மட்டும் இருந்தால், ஆயில் மாற்றியதோடு கடமை முடிந்தது என்பார். ஆகவே சண்டைக்குப் போகாமல், பொருளுக்கு நீங்கள் பணம் கொடுப்பதாகவும் லேபரை அவர் ஏற்பதாகவும் பேசுங்கள். இதற்கு ஒப்புக்கொள்ளாத டீலரிடம் அடுத்த சர்வீஸுக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

கேள்வி: இன்ஜின், கியர்பாக்ஸுக்கு ஒரு வருட வாரண்டி என்று கார்டு கொடுத்தார்கள். இரண்டாம் மாதமே கிளட்ச் போய்விட்டது. "கிளட்ச் வாரண்டியில் வராது" என்கிறார்கள். சரியா?
– வாசகி, ரெட்டியார்பாளையம்

பதில்: பாதி சரி. கிளட்ச் பிளேட், பிரேக் பேட், டயர், பேட்டரி, வைப்பர், ரப்பர் புஷ் எல்லாம் தேய்மானப் பொருட்கள். பழைய கார் வாரண்டிகளில் இவை பெரும்பாலும் சேராது. தவிர, பாதி கிளட்ச்சில் கால் வைத்தே ஓட்டுபவர் கையில் நல்ல கிளட்ச்கூட சில வாரத்தில் கருகும்.

ஆனால் கழற்றிய பிளேட்டைப் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது. கியர்பாக்ஸை இறக்கும் நாளில் நேரில் போய் நில்லுங்கள், பழைய பிளேட்டைக் கையில் வாங்குங்கள். ரிவெட் தலை வரை சீராகத் தேய்ந்திருந்தால் வயதான தேய்மானம். கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டில் நீலத் திட்டுகள் இருந்தால் சூட்டில் வழுக்கி ஓடியிருக்கிறது. பிளேட் எண்ணெயில் ஊறிப் பிசுபிசுவென்று இருந்தால் கதை வேறு: இன்ஜினின் பின்பக்க கிராங்க் ஆயில் சீலோ, கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சீலோ கசிந்திருக்கிறது. குறை இன்ஜினிலோ கியர்பாக்ஸிலோ இருக்கிறது, கிளட்ச் அதற்குப் பலியானது. இந்த நிலையில் கார்டில் சீல் விலக்கப்படாதவரை வாரண்டியைக் கேட்க உங்களுக்கு நல்ல பிடி இருக்கிறது. போட்டோ எடுங்கள், வேலைச் சீட்டான ஜாப் கார்டில் "பிளேட்டில் ஆயில்" என்று சூப்பர்வைசரை எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் வாயால் சொல்வதை மறுநாள் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மாற்றும்போது பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒரே செட்டாகப் போடுங்கள். பேரிங்கில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்தால், அது சத்தம் போடும்போது மறுபடி கியர்பாக்ஸை இறக்கும் கூலி உங்கள் தலையில்.

வாங்கும் முன்பே பார்க்க ஒரு வழி: நாலாவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதியுங்கள். இன்ஜின் சத்தம் எகிறி, வேகம் அதே அளவுக்கு ஏறாமல் இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது.

கேள்வி: பி.ஒய். 01 எண் உள்ள கார் வாங்கினேன். நான் இருப்பது கடலூரில். "12 மாதம் வரை கவலை இல்லை, பெயர் மாற்றம் மெதுவாகச் செய்யலாம்" என்று டீலர் சொல்கிறார். ஆர்சி இன்னும் பழைய உரிமையாளர் பெயரில்தான் இருக்கிறது.
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: இரண்டு கெடுவைப் போட்டுக் குழப்புகிறார். வேறு மாநில எண் உள்ள வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புது எண் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு. பெயர் மாற்றம் 50ஆம் பிரிவில் வருகிறது. வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அதற்கு 12 மாதம் கிடையாது.

வரிசை இப்படிப் போகும். காரின்மேல் கடன் இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றோடு படிவம் 35 கொடுத்து அடமானப் பதிவை நீக்க வேண்டும். பிறகு புதுச்சேரி போக்குவரத்துத் துறையில் படிவம் 28 வழியாக என்ஓசி (வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்றத் தடையில்லை என்ற சான்று). நிலுவை அபராதச் சலான் இருந்தால் இங்கேயே முட்டும். அதனால் அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு முன்கூட்டியே பாருங்கள். அதன்பின் கடலூர் ஆர்டிஓவில் 27, 29, 30 படிவங்கள், செல்லுபடியாகும் இன்சூரன்ஸ், புகைச் சான்று, தமிழ்நாட்டுக்கான வாழ்நாள் வரி, நேரில் வண்டி ஆய்வு. முடிந்தால் டி.என். 31 எண் கிடைக்கும். வரியை வண்டியின் வயதுக்கு ஏற்பக் குறைத்துத்தான் கணக்கிடுவார்கள், ஆனாலும் கணிசமான தொகை. "பாண்டி வண்டி மலிவு" என்று நினைப்பவர்கள் இந்தத் தொகையைச் சேர்த்துப் பார்ப்பதில்லை.

டீலரிடம் கேட்க வேண்டிய ஒன்று உண்டு. பழைய வண்டி விற்பவர்கள் ஆர்டிஓவின் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற டீலர், உரிமையாளரிடமிருந்து வண்டியை வாங்கும்போது அதைப் படிவம் 29சி மூலம் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். அதன்பின் டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். என்ஓசி, பெயர் மாற்றம் போன்றவற்றுக்கு அவரே விண்ணப்பிக்கலாம். "பழைய ஓனர் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறோம்" என்ற சாக்குக்கு அங்கே இடமில்லை. அந்தச் சாக்கு உங்களுக்கு வந்திருந்தால் 29சி போட்டாரா என்று கேளுங்கள். பதிலைப் பொறுத்து, மீதிப் பணம் ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தால் நிறுத்தி வையுங்கள்.

கேள்வி: இன்சூரன்ஸ் இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. அப்படியே ஓட்டலாமா?
– வாசகர், பண்ருட்டி

பதில்: அடுத்தவருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கான பகுதி வண்டியோடு உங்களுக்கு வந்துவிடும். உங்கள் வண்டிக்கான பகுதி அப்படி வராது. கைமாறிய 14 நாளுக்குள் கம்பெனியிடம் விண்ணப்பித்து பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பழையவர் இழப்பீடு கேட்காமல் இருந்ததற்காகக் கிடைத்த நோ கிளெய்ம் போனஸ் என்ற தள்ளுபடி அவரோடு போய்விடும். அந்தத் தள்ளுபடிக்கான வித்தியாசத் தொகையை நீங்கள் கட்ட வேண்டும்.

கேள்வி: வில்லியனூரில் வாங்கிய கார். மழை பெய்தால் உள்ளே பழைய துணி வாடை. பவர் விண்டோ ஒரு நாள் வேலை செய்கிறது, ஒரு நாள் இல்லை. வெள்ளத்தில் நின்ற வண்டியா?
– வாசகி, முதலியார்பேட்டை

பதில்: சந்தேகம் நியாயம்தான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது கொட்டிய மழையில் தெருக்களில் நின்ற கார்கள் முங்கின. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பக்கம் புகுந்தது. அப்படி நின்ற கார்களைக் கழுவித் துடைத்துச் சந்தைக்குக் கொண்டுவரக் கூடியவர்கள் இருக்கிறார்கள்.

ஆனாலும் முதலில் சாதாரணக் காரணங்களை ஒதுக்குங்கள். ஏசியின் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருந்தால், முன் இடது பக்கம் கால் வைக்கும் இடத்தில் நீர் சொட்டி இதே வாடை வரும். ஏசி போட்டு நிறுத்திய பிறகு காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறதா பாருங்கள். கதவில் டிங்கரிங் செய்தபோது உள்ளே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்துவிட்டுத் திரும்ப ஒட்டாமல் விட்டிருந்தாலும் மழைநீர் உள்ளே வரும். பவர் விண்டோ விட்டுவிட்டு வேலை செய்வதற்கு, கதவுக்கும் பாடிக்கும் நடுவே ரப்பர் குழாய்க்குள் போகும் வயர் முறிந்திருப்பதும் காரணமாகலாம்.

இவை இல்லையென்றால் வெள்ளத்தின் அடையாளங்களைத் தேடுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். வழக்கமாக யாரும் இழுக்காத அந்தக் கடைசி முழத்தில் பழுப்பாக ஒரு கோடு இருந்தால், தண்ணீர் அந்த உயரம் வரை நின்றிருக்கிறது. பெல்ட்டைப் பெரும்பாலும் யாரும் கழற்றிக் கழுவுவதில்லை. சீட்டை முன்னே தள்ளி, தண்டவாளத்தின் போல்ட்டுகளைப் பாருங்கள். கதவோரப் பிளாஸ்டிக்கைக் கழற்றி, கார்பெட்டுக்கு அடியில் உள்ள ஸ்பான்ஜை அழுத்துங்கள். தெளிந்த தண்ணீர் வந்தால் ஏசியோ மழையோ. மெல்லிய வண்டல் ஒட்டினால் வெள்ளம். டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள ஃபியூஸ் பாக்ஸின் கனெக்டரைக் கழற்றினால் பின்களில் பச்சைப் பூப்பு தெரியும். பல கார்களில் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி நடு கன்சோலுக்கு அடியில் தரையோடு இருப்பதால், கார்பெட் நனைந்த வண்டியில் அதையும் நம்ப முடியாது.

காகிதத்திலும் ஒரு தடயம் உண்டு. ஒரே உரிமையாளரிடம் ஆறு வருடம் இருந்த காரின் பழைய பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் பூஜ்யம் என்றிருந்தால், முந்தைய வருடம் கிளெய்ம் போயிருக்கலாம். எதற்காக என்று டீலரிடம் எழுத்தில் கேளுங்கள்.

வெள்ளம் என்று உறுதியானால் பழுது பார்க்கத் தொடங்காதீர்கள். கனெக்டர் ஒன்றைச் சுத்தம் செய்தால் அடுத்த மாதம் வேறொன்று பிடிக்கும். அதற்கு முடிவே இல்லை. போட்டோக்களோடு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: சாவியைத் திருப்பினால் எல்லா விளக்கும் எரிகிறது, ஏர்பேக் விளக்கு மட்டும் எரிவதே இல்லை. "பழுது இல்லை என்று அர்த்தம்" என்கிறார் விற்றவர்.
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: நேர்மாறு. சாவி ஆன் செய்ததும் அந்த விளக்கு சில வினாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பை எடுத்திருக்கலாம், அல்லது வயரை வேறு விளக்கோடு இணைத்திருக்கலாம். விபத்தில் வெடித்த பையை மாற்றாமல், அதன் இடத்தில் ரெசிஸ்டர் என்ற சின்ன மின்பாகம் வைத்து கம்ப்யூட்டரை ஏமாற்றும் வேலையும் உண்டு. அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் செய்து, ஸ்டியரிங் மூடியையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ரெசிஸ்டர் இருந்தால் ஸ்கேன் மட்டும் செய்தால் பிடிபடாது, திறந்து பார்த்தால்தான் தெரியும். ரிப்போர்ட்டை பிரிண்ட்டாக வாங்குங்கள். அதுவரை குழந்தையை முன் சீட்டில் உட்கார வைக்க வேண்டாம்.

கேள்வி: மீட்டரில் 42,000 கி.மீ. என்று இருந்தது. ஷோரூம் சர்வீஸ் சென்டரில் விசாரித்தால் 2022லேயே 71,000 என்று பதிவு. டீலர் "எங்களுக்கு வந்தபோதே இப்படித்தான்" என்கிறார். என்ன செய்வது?
– வாசகர், சிதம்பரம்

பதில்: சர்வீஸ் ஹிஸ்டரியை பிரிண்ட்டாக, சீலோடு வாங்குங்கள். டீலரின் விளம்பர ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு, விற்பனை ரசீது ஆகியவற்றில் 42,000 என்று எங்கே இருக்கிறது என்று தேடி எடுத்து வையுங்கள். ரசீதில் கி.மீ. எழுதாமல் விட்டிருப்பார்கள், விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருப்பார்கள்.

முதலில் பதிவுத் தபாலில், 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். டீலர் புதுச்சேரியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் கடலூர் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 2019 சட்டம் அதற்கு இடம் தருகிறது. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தே பதியலாம், வக்கீல் கட்டாயமில்லை. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் பதிய வேண்டும். "இருக்கிறபடி விற்றது" என்று ரசீதில் முத்திரை குத்தியிருந்தாலும் பயப்பட வேண்டாம். பொய்யான கி.மீ. சொல்லி விற்றிருந்தால் அது நியாயமற்ற வணிக நடைமுறை. முத்திரை அதை மூடாது.

கேள்வி: சின்ன அளவில் பழைய கார் விற்கிறேன். விற்ற பிறகு ஒவ்வொரு கடகட சத்தத்துக்கும் வாடிக்கையாளர் வந்து நிற்கிறார்கள். செய்யாவிட்டால் பெயர் கெடுகிறது, செய்தால் லாபம் போகிறது.
– டீலர், விருத்தாசலம்

பதில்: மேலே உள்ள கேள்விகளைப் படித்திருப்பீர்கள். பெரும்பாலானவை டெலிவரி அன்று இரண்டு பக்கம் எழுதியிருந்தால் வந்திருக்காதவை.

வண்டியை எடுத்தவுடன், பாலிஷ் போடும் முன்பே லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். கடகட சத்தத்துக்குப் பெரும்பாலும் சக்கரத்துக்கு மேலே உள்ள சஸ்பென்ஷனின் ஸ்டெபிலைசர் லிங்க் ராடும் லோயர் ஆர்ம் புஷ்ஷும்தான் காரணம். வாடிக்கையாளர் கோபத்தோடு வந்து நிற்பதைவிட இவற்றை முன்பே மாற்றுவது மலிவு. பிறகு ஒரு தாளில் மூன்று பத்தி: எதை மாற்றினோம், எது இன்னும் நல்ல நிலையில் இருக்கிறது, எது விரைவில் மாற்ற வேண்டியிருக்கும். மூன்றாவதுதான் முக்கியம். "பின் டயர் இரண்டும் 2019 தயாரிப்பு, மாற்ற வேண்டும், டைமிங் பெல்ட் மாற்றிய ரசீது இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். விலையில் கொஞ்சம் இறங்க வேண்டியிருக்கும். ஆனால் அந்த டயருக்காக அவர் உங்கள் கடைக்கு வர மாட்டார். டஸ்டர் டீசல் மாதிரி டைமிங் பெல்ட் (இன்ஜினின் வால்வுகளை இயக்கும் பட்டை) உள்ள வண்டிகளில் இது இன்னும் அவசியம்; பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடித்து இன்ஜினே போகும், அந்தச் சண்டை உங்களை விடாது.

ஒவ்வொரு வண்டியின் லாபத்திலும் ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கி, முதல் மாதப் புகார்களை அதிலிருந்து செய்யுங்கள். எந்த ஒர்க்‌ஷாப், எந்த நாள், வண்டி நின்றால் யாருக்குப் போன் என்பதைத் தாளிலேயே போடுங்கள். பதினைந்தாம் நாள் நீங்களே போன் செய்து, வீல் அலைன்மென்ட்டும் ஒரு சுற்று போல்ட் டைட்டும் செய்து கொடுத்தால், புகார் சின்னதாக இருக்கும்போதே வரும். கணக்கில் ஒன்று: ஜிஎஸ்டி பதிவு இருந்தால் 2025 ஜனவரி முதல் எல்லாப் பழைய கார்களுக்கும் 18 சதவீதம், அது வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மீது. பழுதுபார்த்த செலவு இதில் எப்படி வரும் என்று ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு விலை வையுங்கள்.

கேள்வி: கண்ணாடியில் பழைய உரிமையாளரின் ஃபாஸ்டேக் இருக்கிறது, டோலில் வேலையும் செய்கிறது. விட்டுவிடலாமா?
– வாசகர், லாஸ்பேட்டை

பதில்: வேண்டாம். மொரட்டாண்டி டோலில் இப்போது கழிவது அவர் பணம். அவர் டேகை மூடிய அடுத்த நாள், யுபிஐயில் கட்டினால்கூட ஒன்றேகால் மடங்கு உங்கள் பணத்தில் போகும். ஒரு வண்டிக்கு ஒரு டேக்தான்; பழையதை அவரை மூடச் சொல்லிவிட்டு, ஆர்சி உங்கள் பெயருக்கு வந்ததும் புதியது வாங்குங்கள்.